தொலைநோக்கிக்குப் பின்னால் ஒரு கேம்கார்டர்

கைபேசி இருக்கும்போது பழைய கேம்கார்டரைத் தூக்கிக்கொண்டு ஏன் அலைகிறாய் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் பதில், ஜூம். தொலைநோக்கியின் ஐபீஸுக்குப் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) பின்னால் எந்தக் கேமராவை வைத்தாலும் முதலில் தெரிவது கறுப்புத் திரையின் நடுவே ஒரு சின்ன வெளிச்ச வட்டம்தான். கேம்கார்டரில் ஜூம் செய்யச் செய்ய அந்த வட்டம் விரிந்து திரை முழுவதையும் பிடித்துக்கொள்ளும். லென்ஸே நகர்ந்து பெரிதாக்குவதால் விவரம் கெடாது.

ஐபீஸ் விஷயத்தில் ஆசைப்படக் கூடாது. அதிகம் பெரிதாக்கும் 6 மி.மீ ஐபீஸில் ஒளி கண்ணாடியை ஒட்டியே குவிகிறது. கேம்கார்டரின் லென்ஸோ உள்ளே ஆழத்தில் இருக்கிறது, எட்டாது. குறைவாகப் பெரிதாக்கும் 25 அல்லது 32 மி.மீ பிளாசல் (பரவலாகப் புழங்கும் ஐபீஸ் வகை) போதும். பெரிதாக்கும் வேலையைக் கேமராவிடம் விட்டுவிடலாம். இரண்டு லென்ஸும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் படத்தின் ஒரு ஓரத்தில் கறுப்புப் பிறை எட்டிப் பார்க்கும்.

ஃபோகஸுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கண்ணால் பார்த்துத் தொலைநோக்கியைச் சரிசெய்கிறேன். எனக்குக் கிட்டப்பார்வை, அதனால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமல். கழற்றிவிட்டு ஃபோகஸ் செய்தால் அது என் கண்ணுக்கான ஃபோகஸாகிவிடும், கேமராவுக்கு உதவாது. அப்புறம் கேமராவை மேனுவலுக்கு மாற்றி, முடிவிலியில் நிறுத்திவிட்டு, மிச்சத்தைத் திரையைப் பார்த்தபடி தொலைநோக்கியின் குமிழிலேயே திருத்துகிறேன். ஆட்டோஃபோகஸை இருட்டில் விட்டால் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். அதிர்வைச் சமன்செய்யும் வசதியையும் அணைத்துவிடுவது நல்லது. பதிவைத் தொடங்க ரிமோட் இருந்தால் கை படாது, படமும் ஆடாது.

ஒளியளவையும் கேமராவின் முடிவுக்கு விடக் கூடாது. திரையில் பெரும்பகுதி கறுப்பாக இருப்பதால், போதிய வெளிச்சமில்லை என்று நினைத்து அது ஏற்றிக்கொண்டே போகும். வியாழன் ஒரு வெள்ளைப் பொட்டாகிவிடும். கையால் குறைத்துக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் பொட்டு சுருங்கி, விளிம்பு தெளிந்து, நடுவில் இரண்டு பழுப்புப் பட்டைகள் மெல்லத் தலைகாட்டும். அதே நேரத்தில் பக்கத்தில் வரிசையாக நின்ற துணைக்கோள்கள் காணாமல் போயிருக்கும். பட்டை வேண்டுமா, துணைக்கோள் வேண்டுமா என்று முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான்.

பதிவிலிருந்து நல்ல பிரேம்களைப் பொறுக்கி அடுக்கி ஒரே படமாக்க ரெஜிஸ்டாக்ஸ், ஆட்டோஸ்டாக்கர்ட் போன்ற மென்பொருள்கள் உண்டு. காற்றின் நடுக்கம் ஒரு கணம் அடங்கும்போது கிடைக்கும் பிரேம்கள்தான் அதில் சரக்கு. கேம்கார்டர் பதிவைச் சுருக்கிச் சேமிப்பதால், இந்த வேலைக்கென்றே வந்துள்ள சிறு கேமராக்களோடு அது போட்டி போட முடியாது. எனக்கும் அதில் இப்போது பெரிய ஆர்வமில்லை.

எனக்குப் பிடித்தது மறைப்பு. நிலா தன் பாதையில் போகும்போது நட்சத்திரங்களை மறைத்துக்கொண்டே போகிறது. பிரகாசமான நட்சத்திரங்களில் ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை நான்கும் அவ்வப்போது அதன் வழியில் அகப்படும். வளர்பிறையில் நிலாவின் இருண்ட விளிம்புதான் முன்னால் செல்கிறது. அதனால் நட்சத்திரம் வெளிச்சத்தில் கரையாமல், வெறும் இருட்டில் சட்டென்று அணைகிறது. நிலாவில் காற்று மண்டலம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, மங்கி மறைய வழியே இல்லை. இந்த பிரேமில் இருக்கிறது, அடுத்ததில் இல்லை. மறைவது நெருக்கமான இரட்டை நட்சத்திரமாக இருந்தால் மட்டும் இரண்டு படியாக அணையலாம்.

இங்கேதான் கேம்கார்டரின் இன்னொரு குணம் கைகொடுக்கிறது: அது ஒலியையும் பதிவு செய்கிறது. பக்கத்தில் ரேடியோவில் நேரக் குறிப்பொலியை ஓடவிட்டால், படமும் நேரமும் ஒரே பதிவில் சேர்ந்துவிடும். நொடிக்கு 25 பிரேம் என்றால் மறைந்த கணத்தை 0.04 நொடிக்குள் குறிக்கலாம். என் பதிவுகளில் "போச்சு!" என்று நான் கத்துவதும் இருக்கிறது. பிரேம் பிரேமாக ஓட்டினால், நட்சத்திரம் போய்ச் சில பிரேம்கள் கழித்துத்தான் குரல் வருகிறது. ஸ்டாப்வாட்சோடு நின்றிருந்தால் அந்தத் தாமதம் அப்படியே கணக்கில் ஏறியிருக்கும்.

1999 நவம்பர் 18 அன்று சிம்மராசி விண்கல் மழையின்போது, நிலாவின் இருண்ட பக்கத்தில் கண நேரம் மின்னிய ஒரு ஒளியைப் பிரையன் கட்னிக் என்ற அமெரிக்கர் தொலைநோக்கியில் கண்ணால் பார்த்தார். வேறு இடத்திலிருந்து டேவிட் டன்ஹாம் எடுத்திருந்த வீடியோவிலும் அது இருந்ததால்தான், நிலாவில் விண்கல் மோதியதென்று உறுதியானது. கண் பார்த்ததற்கு வீடியோ சாட்சி.

மறைந்த நட்சத்திரம் திரும்ப வெளியே வருவதைப் பிடிப்பது இன்னும் கஷ்டம். தேய்பிறையில் அது இருண்ட விளிம்பில் வெளிவரும், ஆனால் எந்த இடத்தில் என்று கண் குறிவைக்க எதுவும் இருக்காது. அதற்கு ஜூமைக் கொஞ்சம் தளர்த்தி, விளிம்பின் நீளமான பகுதி திரையில் விழும்படி வைத்து, வெளிவரும் நேரத்துக்கு ஓரிரு நிமிடம் முன்பே பதிவைத் தொடங்கிவிட வேண்டும்.