ஆளி விதை எண்ணெயைப் பொடியாக்கிய அனுபவம்

உணவுத் தொழில்நுட்ப முதுநிலைப் படிப்பில் என் தலையில் விழுந்த ப்ராஜெக்ட் இது. ஆளி விதை எண்ணெயில் பாதிக்கு மேல் ஒமேகா-3 கொழுப்புதான். அதனாலேயே காற்றுப் பட்டால் சீக்கிரம் கெட்டு, பெயின்ட் வாடை அடிக்கும். ஒவ்வொரு துளியையும் பிசினால் மூடிக் காயவைத்துவிட்டால் அது தள்ளிப்போகும்.

“பாதாம் பிசின் போதாதா?” என்று கேட்காத ஆளில்லை. அது ஊறி உப்புமே தவிர, சரியாகக் கரையாது. ஜிகர்தண்டாவுக்குச் சரி, கரைசலைச் சூடான காற்றில் தூவிப் பொடியாக்கும் ஸ்பிரே டிரையரின் முனையை அடைத்துவிடும். நாங்கள் எடுத்தது கம் அரபிக். சூடான், சாட் பக்கம் விளையும் வேலமர வகைகளின் பிசின். 30 சதவீதம் கரைத்தாலும் ஓடும் பதத்தில் இருக்கும். அதிலுள்ள கொஞ்சூண்டு புரதம் எண்ணெயைப் பிடித்துக்கொள்ள, சர்க்கரைச் சங்கிலிகள் தண்ணீர்ப் பக்கம் நிற்கும். எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் பிடிக்கும் எமல்சிஃபையர் தனியாக வேண்டாம். விலைதான் கையைக் கடித்தது. பாதிக்கு, ஸ்டார்ச்சிலிருந்து எடுக்கும் மாவான மால்டோடெக்ஸ்ட்ரின் கலந்தோம்.

பிசினை முந்தின இரவே ஊறவைத்து, காலையில் பட்டைத் துணுக்குகள் போகத் துணியில் வடிகட்டுவேன். பிசின், மால்டோடெக்ஸ்ட்ரின் இரண்டும் சேர்ந்த எடையில் கால் பங்கு எண்ணெய். அதைக் கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டு, எண்ணெயைக் குட்டித் துளிகளாக உடைக்கும் ஹோமோஜினைசரை ஓட்டினால் வெள்ளை வெளேரென்று எமல்ஷன், அதாவது எண்ணெய்த் துளிகள் தண்ணீரில் பரவி நிற்கும் கலவை, வரும். முனையை ஆழமாக முக்கி வைக்க வேண்டும். மேலாக ஓடினால் நுரை கட்டி, காற்றும் உள்ளே போய்விடும். அப்புறம் அளவு ஜாடியில் ஊற்றிவிட்டுக் காத்திருப்பேன். மேலே ஆடை மாதிரி எண்ணெய் பிரிந்தால் அந்த பேட்ச் டிரையருக்குப் போகாது.

டிரையரில் உள்ளே போகும் காற்று 170 டிகிரி, வெளியே வருவது 85. ஒமேகா-3க்கு இவ்வளவு சூடா என்று பயப்பட வேண்டாம். ஈரம் ஆவியாகும்வரை துளி அவ்வளவு சூடாகாது, காய்வதும் கண நேரத்தில்.

பொடி கைக்கு வந்ததும் எண்ணெயைக் கரைக்கும் ஹெக்சேன் என்ற திரவத்தில் லேசாக அலசிப் பார்ப்போம். மூடாமல் வெளியே ஒட்டியிருக்கும் எண்ணெய் அதில் கரைந்து வந்துவிடும். இந்த எண்ணெய்தான் முதலில் கெடும். டிரையர் சூட்டைக் கூட்டிக் குறைத்துப் பார்த்ததில் பெரிய மாற்றமில்லை. எமல்ஷன் துளி சிறுத்த பேட்ச்களில்தான் இது குறைந்தது. ஆய்வக ஓவனில் வைத்து, எண்ணெய் கெடுவதைக் காட்டும் பெராக்சைடு அளவைப் பார்த்தபோதும் அவைதான் தாக்குப்பிடித்தன.

இன்னொன்று: மழைக்காலத்தில் இந்தப் பொடியைத் திறந்து வைத்தால் ஈரம் இழுத்துக் கட்டியாகிவிடும். டிரையரில் பொடி வந்து சேரும் சைக்ளோன் ஜாடியிலிருந்து நேரே அலுமினியப் பைக்கு மாற்றி ஒட்டிவிடுங்கள்.