காஞ்சொறிச் சாலை, 29ஆம் எண் வீடு

பசரேத்தி சதுக்கத்தோடு 5ஆம் எண் பேருந்தின் ஓட்டம் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் நடைதான். புடாபெஸ்டில் ஆற்றுக்குக் கிழக்கே பெஸ்ட் சமதரை. மேற்கே பூடா முழுக்க மேடு. அக்டோபர் காலை, நல்ல குளிர். வழியெல்லாம் மஞ்சள் இலை. கால் மணி நேரம் மூச்சு வாங்க ஏறினால் சலான் சாலை வருகிறது. சலான் என்றால் ஹங்கேரிய மொழியில் காஞ்சொறி. ஊரின் இரைச்சல் ஒன்றுமே இங்கே எட்டுவதில்லை. ஹங்கேரிய இசையமைப்பாளரும் நாட்டுப்பாடல் சேகரிப்பாளருமான பேலா பார்தோக்குக்குச் சத்தம் என்றால் ஆகவே ஆகாது என்று படித்திருந்தேன். இந்த வீட்டை ஏன் தேர்ந்தெடுத்தார் என்பது ஏறி வந்த பிறகுதான் புரிந்தது.

1932 முதல் 1940 வரை பார்தோக் குடியிருந்த வீடு இது. அவர் ஹங்கேரியில் வாழ்ந்த கடைசி வீடும் இதுதான். 1981இல், அவருடைய நூற்றாண்டின்போது, நினைவில்லமாக்கினார்கள். தோட்டத்தில் இம்ரே வர்கா வடித்த சிலை நிற்கிறது. அதன்முன் கொஞ்ச நேரம் நின்றேன்.

நான் இசைக்கலைஞன் இல்லை. இங்கே வந்ததற்குக் காரணம் என் மகள். பியானோ வகுப்பில் சேர்ந்த சில மாதங்களில் அவளுடைய மிஸ் ஒரு மெல்லிய புத்தகத்தை வாங்கச் சொன்னார். 'மிக்ரோகாஸ்மோஸ்', முதல் தொகுதி. தொடக்கப் பாடங்களில் இரண்டு கையும் ஒரே மெட்டைத்தான் வாசிக்கும். விரல்கள் இடம் மாறாது. மாதக்கணக்கில் வீட்டில் அதுதான் ஓடியது, எனக்குச் சலிக்கவே இல்லை. பச்சைப் பிள்ளைக்கு எழுதும் நாலு வரியில்கூட இவ்வளவு அக்கறையா என்று நினைத்து, யார் இந்த மனிதர் என்று தேடத் தொடங்கினேன். 1926 முதல் 1939 வரை எழுதிச் சேர்த்தவை, மொத்தம் 153 துண்டுகள், ஆறு தொகுதிகள். முதல் இரண்டையும் தன் இளைய மகன் பீட்டருக்குக் காணிக்கையாக்கியிருக்கிறார்.

ஹங்கேரியர்கள் அவரை 'பார்தோக் பேலா' என்றுதான் எழுதுகிறார்கள். குடும்பப் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுப் பழகிய நமக்கு அது விசித்திரமாகத் தெரியாது. அவருடைய அப்பாவின் பெயரும் பேலாதான். வேளாண் பள்ளியின் தலைமையாசிரியர். மகன் பிறந்தது 1881 மார்ச் 25, நாட்சென்ட்மிக்லோஷ் என்ற சிற்றூரில். அது இப்போது ருமேனியாவில் இருக்கிறது. ஏழு வயதில் அப்பாவை இழந்தார். ஆசிரியையாக வேலை பார்த்து வளர்த்த அம்மா பௌலாதான் முதல் பியானோ குரு. அம்மாவுக்கு வேலை கிடைத்த ஊரெல்லாம் பிள்ளையும் போனார். அந்த ஊர்களில் ஒன்று இன்று உக்ரைனில், இன்னொன்று ஸ்லோவாக்கியாவில். ஒரே நாட்டுக்குள் வளர்ந்த பையன். ஊர்கள் இருக்கும் இடத்திலேயே இருக்க, நாடுகள் மாறிவிட்டன.

வீட்டுக்குள் போனதும் கண்ணில் பட்டவை மர சாமான்கள். கனமான, கருத்த மரத்தில் பூவேலை செய்த மேசையும் நாற்காலிகளும். இன்று ருமேனியாவில் இருக்கும் டிரான்சில்வேனியாப் பகுதியில், கொரோஷ்ஃபோ என்ற கிராமத்துத் தச்சரிடம் 1907இல் சொல்லிச் செய்யவைத்தவை. பாட்டு சேகரிக்கப் போன இடத்தில் மேசையும் நாற்காலியும் பிடித்துப்போயிருக்கிறது. அப்புறம் வண்டுகள், செடிகள். பூச்சி சேகரிப்பது அவருக்குப் பெரிய ஆசை. ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் ஒழுங்காகக் குத்தி வைக்கப்பட்டிருக்கிறது. பியானோவையும் பார்த்தேன். மகள் கேட்பாள் என்று நன்றாகவே பார்த்துவைத்தேன்.

ஆனால் நான் அதிக நேரம் நின்றது ஃபோனோகிராஃப் முன்னால். எடிசன் கருவி. ஒரு குழல், ஒரு ஊசி, சாவி கொடுத்தால் சுழலும் உருளை. உருளை மெழுகாலானது, காபி டம்ளர் அளவுதான் இருக்கும். குழலுக்குள் ஒருவர் பாடினால் ஊசி அதிர்ந்து மெழுகில் கோடு கீறும். அதே கோட்டில் ஊசியைத் திரும்ப ஓட்டினால் பாட்டு கேட்கும். சில நிமிடங்களில் உருளை தீர்ந்துவிடும். சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு முறை கேட்கும்போதும் ஊசி அந்தக் கோட்டைக் கொஞ்சம் தேய்க்கிறது. கேட்கக் கேட்கப் பாட்டு கரையும். எத்தனை முறை கேட்கலாம் என்று கணக்குப் பார்த்துப் பார்த்துத்தான் கேட்டிருப்பார்.

இந்த வேட்கை தொடங்கியது 1904இல். கோடைக்குத் தங்கப் போயிருந்த இடத்தில், லிதி தோஷா என்ற பணிப்பெண் பாடியது அவர் காதில் விழுந்தது. டிரான்சில்வேனியாவிலிருந்து வேலைக்கு வந்திருந்தவள். உட்காரவைத்து எழுதிக்கொண்டார். மறுவருடம் இன்னொரு இசையமைப்பாளரான ஜோல்தான் கோதாயோடு பழக்கம். 1906 முதல் இருவரும் ஃபோனோகிராஃபைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். அதுவரை உலகம் 'ஹங்கேரிய இசை' என்று கொண்டாடியது நகரத்து உணவகங்களில் ஜிப்சிக் குழுக்கள் வாசித்ததைத்தான். கிராமத்துக் கிழவிகள் பாடியது முற்றிலும் வேறு. ஐந்து சுரம், மேலே தொடங்கிக் கீழே இறங்கி வரும் மெட்டு. அந்த ஐந்து சுரங்களை நம் வழியில் சொன்னால் ஸ, க, ம, ப, நி. சுத்த தன்யாசிக்கு வரும் அதே சுரங்கள். தாளக்கட்டு இல்லாமல், பேச்சின் போக்கிலேயே போகும் பாட்டுகளும் நிறைய. விருத்தம் கேட்டுப் பழகியவர்களுக்கு அது புதிதாக இருக்காது.

பாடவைப்பது சுலபமாக இருக்கவில்லை. 1907 கோடையில் வயலின் கலைஞர் ஸ்டெஃபி கெயருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு கிராமத்துப் பெண்ணோடு மல்லுக்கட்டியதை நாடக உரையாடல்போலவே எழுதியிருக்கிறார். இவர் பழைய பாட்டு கேட்கிறார். அந்த அம்மாவோ கோயில் பாட்டைத் தாண்டி வரவே மாட்டேன் என்கிறார். நம் ஊரில் ஆச்சியிடம் தாலாட்டு பாடச் சொன்னால், "அதெல்லாம் இப்ப எதுக்குய்யா, ஒரு முருகன் பாட்டுப் பாடுறேன்" என்பார்களே, அதேதான். இவர் விடவில்லை. ஹங்கேரியர்களோடு நிற்கவும் இல்லை. ஸ்லோவாக் பாட்டு சேர்த்தார். ருமேனியப் பாட்டு மட்டும் மூவாயிரத்துக்கு மேல். 1913இல் அல்ஜீரியாவின் பிஸ்க்ரா, 1936இல் துருக்கி. முதல் உலகப் போருக்குப் பிறகு, எதிரி நாட்டு இசைக்கு உழைத்தார் என்று தேசபக்தர்கள் சிலர் அவர்மேல் பாய்ந்தார்கள். பாட்டுக்கு அக்கம்பக்கத்தார் உண்டு, எல்லை கிடையாது என்பதைக் கையெழுத்துப் பக்கங்களாகவே காட்டிக்கொண்டிருந்தவர் அவர்.

சரி, வயிற்றுப்பாடு? அதற்குத்தான் பியானோ. மறுநாள் இசைக் கழகத்துக்குப் போனேன். லிஸ்த் ஃபெரென்ஸ் சதுக்கத்தில், முகப்பிலேயே பியானோ மேதை லிஸ்த்தின் உட்கார்ந்த சிலையோடு இருக்கும் கட்டடம். 1907இல் திறந்தது. அதே ஆண்டுதான் 26 வயது பார்தோக் அங்கே பியானோ பேராசிரியரானார். அவருடைய குரு இஷ்த்வான் தோமான், லிஸ்த்தின் நேரடிச் சீடர். குரு விட்ட நாற்காலி சீடருக்கு வந்தது. உள்ளே முன்கூடம் முழுக்க நீலமும் பச்சையும் கலந்து மின்னும் ஓடுகள். மயில் கழுத்து நிறம் என்று சொல்லலாம். படியில் வயலின் பெட்டியோடு மாணவர்கள் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார்கள்.

இங்கே 1934 வரை 27 ஆண்டுகள் பியானோ சொல்லிக்கொடுத்தார். இசையமைப்பு கற்பிக்கச் சொல்லிக் கேட்டார்கள், மறுத்துவிட்டார். தன் படைப்பு வேலையை அது கெடுத்துவிடும் என்று உறுதியாக நம்பினார். இந்த வேலையை ஏற்றதற்குப் பெரிய காரணம், நாட்டைவிட்டுப் போகாமல் பாட்டு சேகரிக்கலாம் என்பதுதான். அதற்காகக் கடமைக்கு வேலை பார்த்தார் என்று நினைத்துவிட வேண்டாம். மாணவர்களுக்காக, ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் 48 முன்னிசை, ஃபியூக் (ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துச் செல்லும் வடிவம்) ஜோடிகளையும் எளிதிலிருந்து கடினத்துக்கு என்று வரிசை மாற்றிப் பதிப்பித்தார். ஹைடன், மோட்ஸார்ட் சொனாட்டாக்களுக்கும் விரல் எண் போட்டுப் பாடப் பதிப்பு தயாரித்தார். வகுப்பில் நீளமாக விளக்குகிற ஆள் இல்லை. தானே வாசித்துக் காட்டுவார், மாணவர் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நம் குருகுலத்தில் பாடாந்தரம் வருவது இப்படித்தானே. அவருடைய மனைவியர் இருவரும், முதலில் மார்த்தா, பிறகு தித்தா, அவரிடம் படித்தவர்கள்தான்.

இசைக் கழகத்திலிருந்து சில நிமிட நடையில் ஒக்தோகோன் சந்திப்பு. டிராம், பேருந்து, கீழே 1896இல் ஓடத் தொடங்கிய மெட்ரோ என்று எப்போதும் நெரிசல். ஒரு ஓரமாக நின்று, கைப்பேசியில் சேமித்து வைத்திருந்த குறிப்பைத் திரும்பப் படித்தேன். 1940 அக்டோபரில், நாட்டைவிட்டு அமெரிக்காவுக்குக் கிளம்புவதற்குச் சில நாள் முன்பு, பார்தோக் உயில் எழுதினார். அப்போது இந்தச் சந்திப்புக்கு முசோலினி பெயர். இதே சாலையில் கொஞ்சம் தள்ளியுள்ள கொரோந்து என்ற வட்டச் சந்திப்புக்கு ஹிட்லர் பெயர். அந்த இரு பெயர்களும் இருக்கும்வரை ஹங்கேரியில் எந்தத் தெருவுக்கும் சதுக்கத்துக்கும் தன் பெயர் வைக்கக் கூடாது, கல்வெட்டும் பதிக்கக் கூடாது என்று உயிலில் எழுதிவிட்டுத்தான் போனார். முந்திய டிசம்பரில் அம்மா இறந்திருந்தார். இனி இங்கே கட்டிப்போட ஒன்றும் இல்லை. ஹிட்லர் பெயரிலிருந்த அந்தக் கொரோந்து இன்று 'கோதாய் கொரோந்து'. பார்தோக் பெயரில் பூடாவில் ஒரு பெரிய சாலையே இருக்கிறது.

நியூயார்க்கில் உடம்பு படுத்தியது; ரத்தப் புற்றுநோய். 1943இல் 'ஆர்கெஸ்ட்ராவுக்கான கான்சர்ட்டோ' என்ற பெரிய இசைக்குழுப் படைப்பை எழுதினார். 1945 கோடையில், தித்தாவின் பிறந்தநாள் பரிசாக மூன்றாவது பியானோ கான்சர்ட்டோ. கடைசி 17 தாளக்கட்டங்களுக்கு வாத்தியம் பிரித்து எழுத நாள் போதவில்லை. நண்பர் திபோர் ஷெர்லிதான் முடித்துக் கொடுத்தார். வரைவின் முடிவில் 'வேகே' என்று தாய்மொழியில் எழுதியிருந்ததாக ஷெர்லி பதிவு செய்திருக்கிறார். 'முடிந்தது' என்று பொருள். செப்டம்பர் 26இல் இறந்தார்.

அவரைப் போலவே அவருடைய காகிதங்களும் இரண்டு கரையில் பிரிந்து கிடந்தன. ஹங்கேரியில் மூத்த மகனிடம் இருந்தவற்றை அடித்தளமாக வைத்து 1961இல் புடாபெஸ்டில் பார்தோக் ஆவணக் காப்பகம் உருவானது. அமெரிக்காவில் இருந்தவை பீட்டரிடம் வந்து, இன்று ஸ்விட்சர்லாந்தின் பாஸல் நகரத்தில் பால் ஸாகர் அறக்கட்டளையில் இருக்கின்றன. 'தந்தி வாத்தியம், தாளவாத்தியம், செலஸ்டாவுக்கான இசை'யை 1936இல் கேட்டு எழுதவைத்தவர் அதே பால் ஸாகர்தான். மெழுகு உருளைகளோ புடாபெஸ்டின் இனவியல் அருங்காட்சியகத்தில். காப்பகத்தின் நெடுநாள் முகவரி கோட்டைக் குன்றில் தாஞ்சிச் மிஹாய் தெருவின் 7ஆம் எண் மாளிகை. ஆய்வாளர்களுக்கான இடம் என்பதால் நான் வாசல்வரைதான் போனேன். அவருடைய முழுப் படைப்புகளையும் 48 தொகுதிகளாக, ஒவ்வொரு திருத்தத்தையும் ஆராய்ந்து வெளியிடும் திட்டம் நடக்கிறது. 2016இல் முதலில் வந்தது எது தெரியுமா? 'குழந்தைகளுக்கு' என்ற எளிய பியானோ துண்டுகளின் தொகுதி.

கடைசி நாள் 59ஆம் எண் டிராம் ஏறி ஃபர்கஷ்ரேத் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அமெரிக்காவில் புதைத்த உடலை 1988இல் கப்பலில் கொண்டுவந்து, ஜூலை 7 அன்று அரசு மரியாதையோடு இங்கே அடக்கம் செய்தார்கள். பக்கத்திலேயே ஜார்ஜ் ஷோல்தி. கழகத்தில் சில வாரம் பார்தோக்கிடம் படித்த பையன். 1938இல் இரு பியானோ, தாளவாத்திய சொனாட்டாவை பார்தோக்கும் தித்தாவும் புடாபெஸ்டில் வாசித்தபோது தித்தாவுக்குப் பக்கம் திருப்பிவிட்டவர். பிறகு உலகம் கொண்டாடும் இசைக்குழு நடத்துனரானார். ஆசிரியருக்குப் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டார். அங்கே நிற்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது.

இரவு மகள் அழைத்தாள்.

"அப்பா, பியானோ பாத்தீங்களா?"

"பாத்தேன்டா. மிக்ரோகாஸ்மோஸ் ஆறாவது புத்தகத்துல 149ஆம் நம்பர் என்னன்னு பாரு."

பல்கேரியத் தாளத்தில் எழுதிய ஆறு நடனங்களில் இரண்டாவது அது. இரண்டு, இரண்டு, மூன்று என்று ஏழு எண்ணிக்கை. தகதிமி தகிட. மிஸ்ர சாபுவைத் திருப்பிப் போட்ட விலோம சாபு. அவள் மேசையைத் தட்டிப் பார்க்கும் சத்தம் போனில் கேட்டது. மூன்றாவது சுற்றில் பிடித்துவிட்டாள்.

அவள் தூங்கப் போன பிறகு காப்பகம் இணையத்தில் வைத்திருக்கும் பாட்டுகளைத் திறந்தேன். பார்தோக் தன் கையால் வரிசைப்படுத்திய ஹங்கேரிய நாட்டுப்பாடல்கள், 13,000க்கும் மேல். 1934இல் வகுப்பை விட்டதும் அறிவியல் கழகத்தில் உட்கார்ந்து ஆறு வருடம் செய்த வேலை. இள வயதில் எழுதிய சுரக்குறிப்புகளையே, உருளையை மறுபடி கேட்டுத் திருத்தியிருக்கிறார். முதலில் நேராக எழுதிய ஒரு சுரத்தின்மேல், பின்னால் கேட்டபோது பிடிபட்ட அசைவுகளைக் கடுகளவு எழுத்தில் ஏற்றியிருக்கிறார். நாம் கமகம் என்போமே, அந்த வகை. தாளின் மூலையில் ஊர், பாடியவர், வயது, ஆண்டு.

ஒன்றைச் சொடுக்கினேன். முதலில் சரசரவென்று இரைச்சல், அப்புறம் ஒரு பெண் குரல். சொல் ஒன்றும் புரியவில்லை. தாளில் அவர் எழுதிய நெளிவுகளைக் கண்ணால் தொடர்ந்தேன். குரல் அப்படியே அந்த வளைவில் வளைந்தது. இரண்டாவது கண்ணியில் மூச்செடுத்து மேலே போகிறாள். அங்கே பதிவு நின்றுவிடுகிறது.