ஊட்டிக் குளிரில் நெருப்பெழுத்து

சமவெளியில் கேஸ் நெருப்பில் எரியும் பெயர்ப்பலகை செய்பவர்கள் முதலில் எழுத்தை வரைவார்கள், பிறகு பைப்பை வளைப்பார்கள், சிலிண்டரைக் கடைசியில் மாட்டுவார்கள். ஊட்டியில் வேலையைச் சிலிண்டரிலிருந்து தொடங்க வேண்டும். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில், உறைபனி விழும் மார்கழி இரவில், சிலிண்டர் எவ்வளவு வாயு கக்கும் என்பதே எழுத்தின் அளவை முடிவு செய்கிறது.

எல்.பி.ஜி.யில் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்திருக்கின்றன. கடல் மட்டத்தில் புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிக்கும். பியூட்டேனுக்குக் கொதிநிலை பூஜ்யத்தை ஒட்டியது. திரவம் ஆவியாகும்போது தன் சூட்டையே செலவழித்துக் குளிர்கிறது. முதலில் கிளம்பிப்போவது பெரும்பாலும் புரொப்பேன். மிஞ்சும் பியூட்டேன் இந்தக் குளிரில் எளிதில் ஆவியாகாது. அதனால் அரையும் குறையுமான சிலிண்டரைக் குலுக்கினால் உள்ளே சலசலக்கும், பர்னரிலோ சுடர் சோர்ந்துவிடும்.

'நல்வரவு' என்று ஐந்தடி உயர எழுத்துகள் என்று வைத்துக்கொள்வோம். முக்கால் இஞ்ச் பைப் சுமார் 20 மீட்டர் பிடிக்கும். 4 செ.மீ.க்கு ஒன்றாக 1 மி.மீ. துளை போட்டால் 500 துளைகள். பைப்பில் அழுத்தம் 3 மில்லிபார் இருந்தால் மணிக்கு 30 கிலோ வரை எரியும், சுடர் ஏறத்தாழ ஒரு சாண் நிற்கும். வீட்டு அடுப்புக்குரிய 30 மில்லிபாரை அப்படியே விட்டால் செலவு மூன்று மடங்குக்கு மேல் போகும். அழுத்தத்தை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒளி புகும் குழாயை 'ப' போல நிமிர்த்தித் தண்ணீர் ஊற்றினால், இரு பக்க நீர்மட்டத்துக்கும் 3 செ.மீ. வித்தியாசம் வர வேண்டும்.

பத்து நிமிடம் எரிக்க 5 கிலோ போதும். ஐந்து 19 கிலோ வணிக சிலிண்டர்களை மேனிஃபோல்டில் (பல சிலிண்டர்களை ஒன்றாகச் சேர்க்கும் பொதுக்குழாய்) இணைத்தால் ஒவ்வொன்றிலும் ஒரு கிலோதான் குறையும். நிறைந்த சிலிண்டர் இதில் சுமார் 7 டிகிரி குளிரும். மூன்றில் ஒரு பங்கு மட்டும் உள்ளது 15 டிகிரிக்கு மேல் குளிர்ந்து செத்துவிடும். எனவே மிச்சம் மீதி சிலிண்டர்களை இங்கே கொண்டுவரவே கூடாது. ஐந்தும் சேர்ந்து 95 கிலோ. உரிமம் இல்லாமல் வைத்திருக்கக்கூடிய 100 கிலோ வரம்புக்குள் அடங்குகிறது. தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிடுவது எப்படியும் நம் கடமை.

தமிழ் எழுத்துக்கென்று சில தொல்லைகள் உண்டு. 'வ'வின் சுழியைச் சிறிதாக வளைத்தால் கீழ்ச்சுடர் மேலேறி அதை அடைத்துவிடும். உள்வெளி ஒன்றரை அடியாவது வேண்டும். 'ல்' மேலுள்ள புள்ளி தனியே நிற்பதால் அதற்குத் தனி ஊட்டுக்குழாயும் தனிப் பைலட் சுடரும் (பற்றவைப்பதற்கான சிறு சுடர்) தேவை. நெருப்பு இடைவெளியைத் தாண்டிப் போகும் என்று நம்பக்கூடாது. நெட்டுக்கோடுகளில் சுடர் ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்து அதிகம் கொழுந்துவிடும், அங்கே துளைகளை இரட்டிப்புத் தூரத்தில் போடலாம். ஒவ்வோர் எழுத்துக்கும் நடுவில் வாயு கொடுங்கள். எழுத்தின் துளைப்பரப்பு மொத்தமும் பைப்பின் உட்குறுக்குவெட்டுப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் கடைசித் துளைகள் பட்டினி கிடக்கும். துளையின் உட்பிசிறை வழித்தெடுக்காவிட்டாலும் சுடர் கோணும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப் வேண்டாம், சூட்டில் துத்தநாகப் புகை வரும், பூச்சில்லாத கறுப்பு எம்.எஸ். (சாதா எஃகு) அல்லது ஸ்டெயின்லெஸ் நல்லது.

அடுப்பின் நீலச்சுடர் மூடுபனியில் கண்ணுக்கே தெரியாது. காற்றுக் கலக்காத மஞ்சள் சுடர்தான் எழுத்தாகப் படிக்கக் கிடைக்கும். மூடுபனியின் ஈரம் இன்னொரு வகையிலும் படுத்தும்: பைப்பின் தாழ்ந்த வளைவில் தண்ணீர் தேங்கினால் சுடர் குபுக் குபுக்கென்று துடிக்கும். துளைகளை முன்பக்கமாகச் சற்றுக் கீழ்நோக்கி வையுங்கள், வளைவின் அடியில் திருகு மூடி வையுங்கள். ரெகுலேட்டரின் மூச்சுத்துளையும் கீழ்நோக்கியே இருக்கட்டும். பின்னால் முழுத்தகடு அடித்தால் பலத்த காற்றில் 12 சதுர மீட்டர் பலகை இருநூறு கிலோவுக்கு மேல் தள்ளுவிசை வாங்கும், வலைத்தகடு போதும்.

சரிவைப் பாருங்கள். இந்த வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது, கசிந்தால் தண்ணீர் போலக் கீழே ஓடும். சிலிண்டர்கள் பலகைக்குக் கீழ்ச்சரிவில், நிமிர்ந்து நிற்க வேண்டும். கூட்டம் மேலேயோ பக்கவாட்டிலோ. யூகலிப்டஸ் சருகை நன்றாகக் கூட்டிவிடுங்கள், அதில் எண்ணெய் இருக்கிறது.

எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்த பிறகே பற்றவைப்பு. முதலில் பைலட், பிறகு வாயு, வால்வு மெதுவாக. ஐந்து வினாடிக்குள் பிடிக்காவிட்டால் மூடிவிட்டு, வாசனை முழுதும் போகும்வரை காத்திருங்கள். அணைக்கும்போது சிலிண்டர் வால்வுகளை முதலில் மூடி, பைப்பில் மீந்ததை எரிந்து தீரவிட வேண்டும். ஆறிய பின் திருகு மூடிகளைத் திறந்து நீரை வடித்துவிட்டு, துளைகளை மெல்லிய கம்பியால் குத்தி வையுங்கள். அடுத்த நிகழ்ச்சிக்குள் சிலந்தி கூடு கட்டிவிடும்.