சர்வரின் உள்ளூர் மெயில் எல்லாம் ஒரே பெட்டிக்கு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஹார்டுவேர் கடையின் பில்லிங் சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். டெபியன் லினக்ஸ் ஓடும் பழைய கம்ப்யூட்டர். ராத்திரி பேக்கப்பில் ஏதாவது கோளாறு என்றால் குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரான், ரூட் என்ற நிர்வாகி யூசருக்கு மெயில் போட்டுவிடும். ஆனால் ரூட்டாக லாகின் செய்து மெயில் படிப்பவர் யார்? எல்லாவற்றையும் 'கடை' என்ற ஒரே யூசருக்குத் திருப்பிவிட்டால், கணக்குப் பார்க்கும் அக்கா காலையில் தண்டர்பேர்ட் மெயில் செயலியில் பார்த்துவிடுவார் என்று முடிவானது.

முதல் பாதி சுலபம். சர்வரில் மெயிலைக் கையாளும் மென்பொருள் போஸ்ட்ஃபிக்ஸ். யாருக்கு வரும் மெயிலை யாருக்குத் திருப்புவது என்று எழுதும் அதன் ஏலியாஸஸ் கோப்பில் போஸ்ட்மாஸ்டரை ரூட்டுக்கு அனுப்பும் வரி ஏற்கெனவே இருந்தது. அதன் கீழே ரூட்டுக்கு நேராக 'கடை' என்றும், வெப் சர்வரின் யூசருக்கு நேராக ரூட் என்றும் சேர்த்தேன். ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி மெயில் கடைசியில் 'கடை'க்கு வந்துவிடும். சேமித்த கையோடு நியூஏலியாஸஸ் கட்டளை கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் பழைய பட்டியலையேதான் படிக்கும். ரூட் பெட்டியில் ஏற்கெனவே கிடப்பவை அங்கேயேதான் இருக்கும், தானாக நகராது.

தலைவலி கொடுத்தது பில்லிங் மென்பொருள். அது ஸ்டாக், ரிப்போர்ட் என்று சர்வரில் இல்லாத பெயர்களுக்கெல்லாம் மெயில் அனுப்பும். ஒவ்வொன்றாக ஏலியாஸ் எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை. இல்லாத யூசருக்கு வருவதை ஒரே இடத்தில் சேர்க்க லூசர் ரிலே என்ற அமைப்பு உண்டு. (ரூட் போல நிஜமாகவே இருக்கும் யூசரை அது தொடாது, அதனால் ஏலியாஸும் வேண்டும்.) அதில் 'கடை' என்று எழுதி ரீலோடு செய்தேன். சர்வரிலிருந்தே மெயில் அனுப்பும் சென்ட்மெயில் கட்டளையில் சோதித்தால் அழகாக வந்தது. பில்லிங்கிலிருந்து அனுப்பினால் மட்டும் லாகில் 550, 'யூசர் அன்நோன் இன் லோக்கல் ரெசிபியண்ட் டேபிள்', அதாவது அப்படி ஒரு யூசரே இல்லை என்ற மறுப்பு.

லாகை உற்றுப் பார்த்ததில்தான் பிடிபட்டது. பில்லிங்கின் மெயில், போஸ்ட்ஃபிக்ஸ் மெயில் வாங்கும் 25ஆம் போர்ட் வழியாக வருகிறது. அங்கே யூசர் இருக்கிறாரா என்று போஸ்ட்ஃபிக்ஸ் வாசலிலேயே விசாரித்து, இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுகிறது. மெயில் லூசர் ரிலே வரை போவதே இல்லை. சென்ட்மெயிலில் போடுவது நேராக வரிசைக்குப் போவதால் இந்த விசாரணை கிடையாது. இந்த விசாரணைக்கான பட்டியலைச் சொல்லும் லோக்கல் ரெசிபியண்ட் மேப்ஸ் என்ற அமைப்பில் சமக்குறிக்குப் பிறகு எதுவும் எழுதாமல் வெறுமையாக விட்டதும் சரியாகிவிட்டது.

ஆனால் அப்படி விட்டால் எந்தப் பெயருக்கு வந்தாலும் வாங்கிக்கொள்ளும். வெளியுலகத்துக்குத் திறந்த சர்வரில் இதைச் செய்தால் ஸ்பேம் கொட்டும். எங்கள் சர்வர் வெளி மெயில் வாங்க வேண்டியதே இல்லை என்பதால் எந்த வழியாக மெயில் வாங்குவது என்று சொல்லும் இனெட் இன்டர்ஃபேசஸ் அமைப்பை லூப்பேக் ஒன்லி (இதே கம்ப்யூட்டருக்குள்ளிருந்து மட்டும்) என்று மாற்றினேன். இதற்கு ரீலோடு போதாது, ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

மறுநாள் காலை அக்காவிடமிருந்து போன்.

"தம்பி, பேக்கப் முடிஞ்சது முடிஞ்சதுன்னு ஒரே மெயிலா வருது. நடுவுல 'நோ ஸ்பேஸ் லெஃப்ட்'னு ஒண்ணு இருக்கு, பரவாயில்லையா?"

டிஸ்க்கில் இடம் ஒதுக்கிவிட்டு, க்ரானில் வழக்கமான அவுட்புட்டை மட்டும், வருவதையெல்லாம் விழுங்கிவிடும் /dev/null-க்குத் தள்ளினேன். எரர் இப்போதும் வரும்.