ராமநாதபுரம்: மழைக்காலக் குறிப்புகள்

புரட்டாசி 6
மழை இல்லை. கச்சான், அதாவது மேல்காற்று, இன்னும் ஓயவில்லை.

புரட்டாசி 9
திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் புழுதி விதைப்பு ஆரம்பம். நாற்றங்கால் போடத் தண்ணீருக்கு எங்கே போவது? காய்ந்த மண்ணிலேயே நெல்லைப் போட்டு வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். ஏக்கருக்கு 30 முதல் 40 கிலோ விதை. மண்ணுக்குள் மூன்றிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் இறங்கியிருக்க வேண்டும். மேலாகக் கிடந்தால் எறும்பும் மயிலும் பார்த்துக்கொள்ளும்.

விதையைக் கடினப்படுத்துவதை மட்டும் பலரும் விட்டுவிடுகிறார்கள். லிட்டருக்கு 10 கிராம் பொட்டாசியம் குளோரைடு, ஒரு கிலோ விதைக்கு ஒரு லிட்டர் கரைசல், 16 மணி நேரம் ஊறல், பிறகு நிழலில் உலர்த்தல். செலவு பெரிதாக ஒன்றும் இல்லை. முளைத்த பின் பத்து நாள் வெயில் காய்ந்தால் அப்போது தெரியும் வித்தியாசம்.

பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த அண்ணா 4 வைத்திருப்பவர்கள் கொஞ்சம் நிம்மதியாக இருக்கலாம். 100 முதல் 105 நாள் வயது, வறட்சி தாங்கும். நீண்ட வயது ரகத்தை இந்த மண்ணில் விதைப்பது சூதாட்டம்.

புரட்டாசி 12
சாயங்காலம் தூறல். இதுதான் ஆகாது. மழையே இல்லையென்றால் விதை மண்ணுக்குள் பத்திரமாகக் கிடக்கும். நல்ல மழையென்றால் முளைத்துவிடும். அரைமழை பெய்தால் முளைவிட்டுக் கருகும், இரண்டாம் விதைப்புக்கு விதை வாங்க வேண்டி வரும்.

புரட்டாசி 13
ஈரம் விரல் நுனி அளவுக்குத்தான். தப்பித்தது.

புரட்டாசி 19
வரத்துக்கால். எல்லோரும் கண்மாயின் தூரைப் பற்றியே பேசுகிறார்கள். உள்வாயை ஆழப்படுத்தி என்ன பயன், தண்ணீர் வந்து சேரும் கால் அடைபட்டுக் கிடந்தால்? சீமைக் கருவை இரு கரையிலும் வளர்ந்து நடுவில் கைகோத்து நிற்கிறது. அதன் அடியில் சருகு, சருகின் மேல் வண்டல், வண்டலின் மேல் அடுத்த கன்று. சாலைக்குக் கீழே போகும் குழாய்ப் பாலம்தான் கடைசி அடைப்பு. பிளாஸ்டிக் பையும் முள்ளும் வாயில் சிக்கினால் போதும், முழு வரத்தும் பக்கத்துக் காட்டுக்குத் திரும்பிவிடும்.

மேலே வெட்டினால் அடுத்த வருடம் நான்கு கிளையாக வரும். வேரோடு பிடுங்க வேண்டும், மண் ஈரமாக இருக்கும்போதே. காய்ந்த கரிசலில் இயந்திரமே திணறும்.

புரட்டாசி 21
வெட்டிய கருவை கரிமூட்டத்துக்குப் போகிறது. தடித்த கட்டை நடுவில், மெல்லியது வெளியே, மேலே வைக்கோலும் தழையும், அதன் மேல் ஈரமண் பூச்சு. வெள்ளைப் புகை வரும்வரை கட்டையில் ஈரம் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். புகை மெலிந்து நீலமானால் துளைகளை அடைக்கலாம். ராத்திரியில் பூச்சு வெடித்துக் காற்று புகுந்தால் காலையில் கரி இருக்காது, சாம்பல்தான். மழையில்லாத மாதங்களில் முதுகுளத்தூர், கமுதி, கடலாடிப் பக்கம் பல வீடுகளில் உலை வைப்பது இந்த மரம்தான். ஒழித்துவிடு என்று சொல்வது எளிது.

புரட்டாசி 27
பெய்தது! விடியும்வரை.

புரட்டாசி 28
வரத்துக்காலில் தண்ணீர் ஓடியது, அந்தக் குழாய்ப் பாலம் வரைக்கும்.

ஐப்பசி 8
முளைப்பு நன்றாக இருக்கிறது. கோரையும் நன்றாக இருக்கிறது. இருபது, இருபத்தைந்து நாளுக்குள் முதல் களை எடுத்தாக வேண்டும்.

ஐப்பசி 11
காற்று வாடைக்கு மாறிவிட்டது. வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கும். பாம்பனில் நாட்டுப்படகுக்காரர்கள் பாக் நீரிணைப் பக்கத்திலிருந்து மன்னார் வளைகுடாப் பக்கத்துக்குப் படகைக் கொண்டுபோகும் பருவம். இந்த மாவட்டத்துக்கு இரண்டு கடல்.

ஐப்பசி 17
வைகை அணை நீர்மட்டம் பற்றியே பேச்சு. முழு நீர்மட்டம் 71 அடி. பூர்வீகப் பாசனத்தில் 12 பங்கில் 7 ராமநாதபுரத்துக்கு, 3 சிவகங்கைக்கு, 2 மதுரைக்கு. கடைமடை என்பதால் முதலில் திறப்பதும் நமக்குத்தான். காகிதத்தில் இது நியாயமான கணக்கு. ஆனால் ஆற்று மணலை அள்ளிப் பள்ளமாக்கிய இடத்தில் எல்லாம் தண்ணீர் நின்று குடித்துவிட்டுத்தான் பார்த்திபனூர் மதகணைக்கு வருகிறது. கால்வாய்த் தலைமடை ஆற்றுப்படுகையை விட உயரத்தில் தொங்கினால் ஏழு பங்கு என்ன, பன்னிரண்டு பங்கும் பார்த்துக்கொண்டே கடந்துபோகும்.

ஐப்பசி 24
குடிநீர் வரவில்லை. நிலத்தடி நீர் உவர்ப்பு. தள்ளுவண்டியில் குடங்கள் வரிசையாக ஊருணிக்குப் போகின்றன. ஊருணியில் ஆடு மாடு இறங்காமல் முள்வேலி அடைத்திருப்பதே பாதி சுத்திகரிப்பு.

கார்த்திகை 3
அடைமழை.

கார்த்திகை 4
அடைமழை. கண்மாயில் மிகுந்த நீர் வழிந்தோடும் கலுங்கை யாரும் அடைக்கக் கூடாது. பருவத்தின் நடுவில் கலுங்குக் கற்களுக்கு இடையே வைக்கோலும் மண்ணும் திணித்து ஓர் அடி கூடுதலாகத் தேக்கும் ஆசை ஒவ்வோர் ஊரிலும் உண்டு. மழை முடியும் தறுவாயில் செய்ய வேண்டியது அது. இப்போது செய்தால் தண்ணீர் கரையைத் தாண்டும், தாண்டிய இடத்தில் கரை அறுக்கும், கீழே இருக்கும் அடுத்த கண்மாயும் சேர்ந்து போகும்.

கார்த்திகை 5
மடைக்கு மேற்கே கரையின் வெளிச்சரிவில் கசிவு. தெளிந்த தண்ணீர். கலங்கி வந்தால்தான் ஆபத்து, உள்ளிருந்து மண் வருகிறது என்று அர்த்தம். வெளி வாயை அடைப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அடைத்தால் வேறு இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். கசிவைச் சுற்றி மணல்மூட்டையால் வளையம் கட்டி, அதற்குள் தண்ணீரை ஏறவிட்டால் அழுத்தம் குறையும். நண்டு வளை இருந்தால் தண்ணீர்ப் பக்கத்து வாயைக் களிமண்ணால் மிதித்து இறுக்க வேண்டும்.

ராத்திரியும் அதே தெளிவு.

கார்த்திகை 6
லேசாகக் கலங்கல். மூட்டை போதவில்லை.

கார்த்திகை 7
நின்றது. கசிவும் மழையும்.

கார்த்திகை 19
சித்திரங்குடியிலும் காஞ்சிரங்குளத்திலும் பறவைகள் இறங்கத் தொடங்கிவிட்டன. இரண்டும் 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை. பட்டியலில் சேர்ந்தாலும் அவை கண்மாய்கள்தான்; வரத்துக்கால் அடைபட்டால் பறவைக்கும் தண்ணீர் இல்லை.

கார்த்திகை 26
முண்டு மிளகாய்க்கு ஈரம் அதிகம். வடிகால் வெட்டாத கொல்லையில் வேரழுகல். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, விலையைத் தீர்மானிப்பது என்னவோ களத்தில் காயும் நாட்களின் வெயில்தான். வத்தல் வெளுத்தால் குறியீட்டைக் காட்டி யாரும் கூடுதல் விலை கேட்க முடியாது.

மார்கழி 2
நெல் பொதி கட்டுகிறது, கதிர் இன்னும் தண்டுக்குள். இந்த நேரத்தில் தண்ணீர் தவறினால் பதர்.

மார்கழி 7
1964-இல் தனுஷ்கோடியை அழித்த புயல் டிசம்பர் 22 இரவில் வந்தது. மார்கழி என்றால் மழை முடிந்தது என்று சொல்பவர்களுக்கு.

மார்கழி 9
மேல்மடை வயல்களில் தண்ணீர் தளும்புகிறது, கடைமடையில் வெடிப்பு. முறை வைத்துப் பாய்ச்ச நீர்பாய்ச்சி, வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் ஆள், தயார். மேல்மடைக்காரர்கள் ராத்திரி முறையை ஏற்க மறுக்கிறார்கள். நாளைக்கு ஊர்க்கூட்டம்.