பிள்ளைகள் தலையில் பேன்: எங்கள் வீட்டில் ஒழிந்த விதம்

பேன் மருந்து போட்டுத் தலைக்கு ஊற்றிவிட்ட அன்றைக்குத் தலை சுத்தமாகத்தான் இருக்கும். பத்துப் பன்னிரண்டு நாள் போனதும் பிள்ளை மறுபடி காதுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோவாள். "எங்க போய் ஒட்டிக்கிட்டு வந்தாளோ" என்று பள்ளிக்கூடத்தைத் திட்டிவிட்டு இன்னொரு பாட்டில் வாங்குவோம். பாளையங்கோட்டையில் நான்காம் வகுப்புப் படிக்கிற என் பெரியவளுக்கும் யூகேஜி படிக்கிற சின்னவளுக்கும் அந்த வருஷத்தின் பெரும்பகுதி இப்படித்தான் போனது. இன்றைக்கு இருவர் தலையிலும் ஒன்றுகூட இல்லை. எப்படி ஒழிந்தது என்று கேட்கிற அம்மாக்களிடம் போனில் சொல்லிச் சொல்லி, இதை எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

பெரியவளுக்குப் பிடரியில் சொறிந்து சொறிந்து புண்ணாகி, சீழ் வைத்து, கழுத்தில் உருண்டு உருண்டு நெறி கட்டிவிட்டது. தொட்டாலே வலி. ராத்திரி தூக்கத்திலும் சொறிவாள். அதற்காகத்தான் தோல் டாக்டரம்மாவிடம் போனோம். அவர் புண்ணுக்கு ஒரு களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு, "புண்ணு ஆறினா நெறி தானா வத்திரும். ஆனா பேன் போகாம புண்ணு ஆறாது" என்றார். பிறகு, எனக்கு அதுவரை யாரும் சொல்லாத கணக்கு ஒன்றைச் சொன்னார்.

பெண் பேன் ஒரு நாளைக்கு எட்டு முட்டை வரைக்கும் இடும். அதுதான் ஈர். மண்டைத்தோலை ஒட்டினாற்போல் முடியில் பசை வைத்து ஒட்டிவிடும். ஏழிலிருந்து பத்து நாளுக்குள் பொரியும். பொரிந்த குஞ்சு இன்னும் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு நாளில் பெரிதாகி, அதுவும் முட்டையிடத் தொடங்கும். நாம் போடுகிற மருந்து ஓடுகிற பேனைக் கொல்லும், ஈரை முழுசாகக் கொல்லாது. அதனால் முதல் தடவை போட்டதில் தப்பிய ஈர் பொரிந்து, அந்தக் குஞ்சு முட்டையிடுகிற வயசுக்கு வருவதற்குள், ஒன்பதாம் நாள் இன்னொரு தடவை போட்டாக வேண்டும். "மறுபடி வந்துச்சுன்னு எல்லாரும் சொல்றீங்க. பாதிப் பேருக்கு அது போகவே இல்ல" என்றார்.

அவர் எழுதிக் கொடுத்தது 1 சதவீத பெர்மெத்ரின். போடுகிற முறையில் எங்கள் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இங்கே பிள்ளைகளுக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்து ரெட்டைச் சடை போடாமல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப மாட்டோம். எண்ணெய்த் தலையில் அந்த மருந்து சரியாகப் பிடிக்காது. சாதா ஷாம்பு போட்டு அலசி, துண்டால் ஈரம் ஒற்றி எடுத்து, அதன் பிறகு மருந்தை அடிமுடியிலிருந்து நுனி வரை தடவி, பத்து நிமிஷம் வைத்து அலச வேண்டும். அன்றைக்குக் கண்டிஷனர் கூடாது. கண்ணை ஒரு துண்டால் மூடிக்கொள்ளச் சொல்ல வேண்டும்.

இரண்டு தடவையும் தேதி பிசகாமல் போட்டோம். பெரியவளின் புண் ஆறியது, நெறி வற்றியது. ஆனாலும் கொஞ்ச நாளில் அவள் சடையைப் பிரித்தபோது உயிர்ப் பேன் ஒன்று விரலில் ஏறியது. திரும்ப டாக்டரம்மாவிடம் போனபோது அவர் வேறு மருந்து எழுதவில்லை. "இவ யாரு கூடப் படுக்கா? யாரு தலையோட தலை முட்டி விளையாடுதா?" என்று கேட்டார்.

பெரியவள் படுப்பது ஆச்சியோடு. என் மாமியாருக்கு எழுபது வயசு தாண்டிவிட்டது, தலை முழுக்க நரை. வீட்டில் எல்லார் தலையையும் வெளிச்சத்தில் உட்கார வைத்துப் பார்க்கிறவரே அவர்தான். அவர் தலையை யாரும் பார்த்தது கிடையாது.

"பெரியவ உங்க கூடதான அத்தே படுக்கா. ஒருக்க உங்க தலையையும் பாத்துருவோம்."

"எனக்கு எதுக்குளா? நரைச்ச தலையில பேன் எங்க இருக்கப் போவுது? அரிக்கக்கூட இல்ல."

அரிக்காமலே இருக்கலாம் என்பதை டாக்டரம்மா சொல்லியிருந்தார். அரிப்பு வருவது பேனின் எச்சில் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போவதால்தான். முதல் முறை பேன் பிடித்தவர்களுக்கு அது தெரியவே நாலிலிருந்து ஆறு வாரம் ஆகலாம். சிலருக்குக் கடைசி வரை தெரியாது. அதாவது பிள்ளை சொறிய ஆரம்பிக்கும்போது பேன் குடியேறி ஒரு மாதம் ஆகியிருக்கலாம். அதற்குள் அவள் எத்தனை தலையோடு தலை வைத்திருப்பாள்! அத்தையிடம் இதைப் பக்குவமாகச் சொன்னேன். கொண்டையை அவிழ்த்துத் திண்ணை வெயிலில் உட்கார்ந்தார். வெள்ளை முடியில் ஈர் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாததைச் சீப்பு காட்டிக் கொடுத்தது. வெள்ளைத் துணியில் சீப்பைத் துடைத்ததும் எள் போலக் கிடந்தது ஒன்று, காலை அசைத்தது. அத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிள்ளைக்கு நான்தான் குடுத்துருக்கேன்" என்று கண் கலங்கினார். இல்லை அத்தே, அவ உங்களுக்குக் குடுத்துருப்பா, யாரு குடுத்தான்னு பார்த்து என்ன செய்ய என்று சொல்லி, அன்றைக்கே அவருக்கும் வார ஆரம்பித்தோம்.

இந்த வாருதலைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் கடைசியாக வேலை செய்தது இதுதான்.

தலையை அலசி, ஈரம் சொட்டாத அளவுக்குத் துடைத்து, மலிவான கண்டிஷனரை அள்ளித் தடவ வேண்டும். மருந்து போடும் நாளில்தான் கண்டிஷனர் ஆகாது, வாருகிற நாளில் அது இல்லாமல் முடியாது. காய்ந்த முடியில் பேன் சீப்புக்குத் தப்பி ஓடும். கண்டிஷனரில் நனைந்த முடியில் ஓட முடியாமல் கிடக்கும், சிக்கும் இழுக்காது, பிள்ளையும் கத்தாது. முதலில் பெரிய பல் சீப்பால் சிக்கெடுத்து, முடியை நாலைந்து பாகமாகப் பிரித்துக் கிளிப் போட வேண்டும். பிறகு நெருக்கமான பல் உள்ள எவர்சில்வர் பேன் சீப்பை மண்டையில் படும்படி வைத்து, நுனி வரைக்கும் ஒரே இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் வெள்ளைத் துணியில் சீப்பைத் துடைத்துப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் சீப்பின் பல் வளைந்துகொடுப்பதால் குஞ்சுப் பேன் நழுவிவிடுகிறது. நீளமுடி என்றால் ஒரு தலைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிரிட்டனில் இதற்கு ஒரு நாள் கணக்கு வைத்திருக்கிறார்கள்: 1, 5, 9, 13 ஆம் நாட்களில் வார வேண்டும், 17 ஆம் நாள் சோதனை. இடையில் பொரிகிற குஞ்சு பெரிதாகி முட்டையிடுவதற்குள் சீப்பில் மாட்டிக்கொள்ளும். இந்தத் தேதிகளைச் சமையலறைக் காலண்டரில் சிவப்பு மையில் வட்டமிட்டோம். ஒரு நாள்கூடத் தள்ளிப்போடவில்லை, காய்ச்சலோ கல்யாண வீடோ எது வந்தாலும்.

வாரும்போது பெரியவளுக்குப் பொழுது போக வேண்டுமே என்று ஒரு கதை சொல்வேன். இஸ்ரேலில் லாகீஷ் என்ற பழைய ஊரில் யானைத் தந்தத்தில் செய்த குட்டிச் சீப்பு ஒன்று கிடைத்தது. ஏறக்குறைய 3,700 வருஷம் பழையது. அதில் இருந்த எழுத்தை 2022இல் படித்துச் சொன்னார்கள். இந்தத் தந்தம் தலைமுடியிலும் தாடியிலும் உள்ள பேனை வேரோடு எடுக்கட்டும் என்பதுதான் அதன் அர்த்தம். "அப்ப ராஜா வீட்டுலயும் பேன் இருந்துச்சாம்மா?" என்று கேட்டாள். தந்தச் சீப்பு வாங்குகிற வசதிக்காரர் வீட்டில் இருந்திருக்கிறது என்றேன். அதற்கப்புறம் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

அவள் முகம் வாடிப்போனதற்குக் காரணம் இருந்தது. வகுப்பில் அவளைத் தனியாகக் கடைசிப் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் வீட்டுக்குத் திருப்பியும் அனுப்பிவிட்டார்கள். "முடிய வெட்டிருங்கம்மா" என்று அழுதாள். இடுப்பு வரை ஆசையாக வளர்த்த முடி. திருச்செந்தூரில் மொட்டை போட்டுவிடலாம் என்று சொந்தத்திலும் பேச்சு வந்தது. மொட்டை போட்டால் பேன் போகும், பொய்யில்லை. ஆனால் அவளுக்கு விருப்பமில்லாத மொட்டையை, அதுவும் இதற்காக, அவள் வயசில் செய்ய எனக்கு மனசு இடங்கொடுக்கவில்லை. நானே பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பேசினேன். பேன் பறக்காது, தாவாது. தலையோடு தலை ஒட்டினால் ஊர்ந்து போகும், அவ்வளவுதான். பேனுக்காக எந்தப் பிள்ளையையும் பள்ளிக்கு வராமல் நிறுத்தக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே சொல்லியிருக்கிறது. அதையும் எடுத்துக் காட்டினேன். மறுநாளிலிருந்து அவள் தன் இடத்திலேயே உட்கார்ந்தாள்.

அடுத்து வேன் பிள்ளைகள். நெருக்கி உட்கார்ந்து, ஒரே போனில் நாலு தலை குனிந்து பார்த்துக்கொண்டு வருவார்கள். எங்கள் வீட்டில் நாலு தலையும் சுத்தமாகி என்ன பிரயோஜனம்? அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: "என் பிள்ளைக்குப் பேன் இருக்கு. வைத்தியம் பார்த்துக்கிட்டு இருக்கோம். உங்க பிள்ளைங்க தலையையும் இந்தச் சனி ஞாயிறு பாருங்க. எல்லாரும் ஒரே சமயத்துல பார்த்தாத்தான் போகும்." ரொம்ப நேரம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரிதான் தனித்தனியாகப் போன் வந்தது. "அக்கா, எங்க வீட்டுலயும்தான். வெளிய சொல்லக் கூச்சமா இருந்துச்சு." குளிக்காத வீட்டில்தான் பேன் வரும் என்று ஒரு எண்ணம் நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. தினம் தலைக்குக் குளிக்கிற பிள்ளைக்கும் வரும். அந்தக் கூச்சம்தான் பேனுக்கு வசதியாகப் போய்விடுகிறது. எல்லா வீட்டிலும் ஒரே ஞாயிற்றுக்கிழமை வார ஆரம்பித்தோம்.

ஈரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் இதில்தான் பயந்துபோகிறார்கள். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். ஈரும் முடியோடு சேர்ந்தே கீழே இறங்கும். மண்டையிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி வெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் பொரிந்துபோன வெறும் கூடு. அதைப் பார்த்து மறுபடி மருந்து போட வேண்டியதில்லை. ஓடுகிற பேன் இருக்கிறதா என்பதுதான் கணக்கு. பொடுகு என்றால் ஊதினால், தட்டினால் உதிரும், ஈர் அசையாது. பார்க்கச் சங்கடமாக இருக்கிறதென்று அத்தை தன் பழைய மர ஈர்கொல்லியைத் தேடியெடுத்து, பெரியவளின் வெறுங்கூடுகளை எல்லாம் பொறுமையாக உருவி எடுத்தார்.

துணிமணிக்கு ரொம்ப மெனக்கெட வேண்டாம். தலையை விட்டு இறங்கிய பேன் ஒன்றிரண்டு நாளில் செத்துப்போகும். தலையணை உறை, துண்டு, ரிப்பன் எல்லாவற்றையும் வெந்நீரில் அலசி வெயிலில் போட்டோம். சீப்புகளைச் சூடான தண்ணீரில் பத்து நிமிஷம் ஊற வைத்தோம். வீடு முழுக்கப் பூச்சி மருந்து அடிக்கவில்லை. அது பிள்ளைகளுக்குத்தான் கெடுதல்.

எனக்கு வந்த யோசனைகளில் சிலவற்றை யாரும் செய்துவிடக் கூடாது என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். மண்ணெண்ணெய் தேய்ப்பது தோலைப் புண்ணாக்கும், தீப்பிடிக்கும், வாய்க்குள் போனால் நுரையீரலைக் கெடுக்கும். எறும்பு சாக்பீஸும் பூச்சி மருந்தும் விஷம், தலைக்குப் போடுகிற சாமானே இல்லை. சீத்தாப்பழ விதையை அரைத்துத் தேய்ப்பது பழைய பழக்கம்தான், ஆனால் அந்தப் பொடி கண்ணில் பட்டால் கருவிழியே புண்ணாகிவிடும். கண் டாக்டர்கள் இப்படி வந்தவர்களைப் பற்றி எழுதியே வைத்திருக்கிறார்கள். வேப்பெண்ணெய் போட்டுப் பார்த்ததில் வாருவது எளிதானது, ஈர் போகவில்லை. மருந்துக்கும் சீப்புக்கும் மசியாத பேனுக்கு ஐவர்மெக்டின் மாத்திரை உண்டு. அது 15 கிலோவுக்கு மேல் உள்ள பிள்ளைகளுக்குத்தான், எடை பார்த்து டாக்டர்தான் கொடுக்க வேண்டும். கடையில் நாமாகக் கேட்டு வாங்கக் கூடாது. எங்களுக்கு அதுவரை போகத் தேவைப்படவில்லை.

பேன் போன பிறகும் ரெண்டு மூணு வாரம் அரிப்பு இருக்கும். பெரியவள் சொறிவதைப் பார்த்துப் பதறிச் சீப்பை எடுத்தால், துணியில் வெறும் கண்டிஷனர்தான் வந்தது. அரிப்பும் மெல்ல அடங்கியது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளிக்கும்போது ஒரு தடவை பேன் சீப்பு போட்டுவிடுகிறோம், ஆச்சிக்கும் சேர்த்து. போன மாதம் வேனில் வருகிற ஒரு பிள்ளைக்குப் பேன் கிடைத்திருக்கிறது. அவள் அம்மா அன்றைக்கே குழுவில் எழுதிவிட்டாள். சாயங்காலமே எல்லா வீட்டிலும் சீப்பு எடுத்தோம். இன்னும் ஒரே ஒரு பிள்ளை தலையில்தான் இருந்தது. இரண்டு பேருக்கும் பதினேழாம் நாள் சோதனையில் ஒன்றும் வரவில்லை.