பிரஷ் கட்டர் ஸ்டார்ட் ஆகலையா, முதல்ல பிளக்க கழட்டுங்க

மழை ஓஞ்சதும் எங்க அணைக்கட்டு பக்கம் தென்னந்தோப்புல புல்லு முட்டி உயரம் நிக்கும், அப்பதான் மூலைல கிடந்த பிரஷ் கட்டர, அதான் புல்லு வெட்டுற மிஷின, எல்லாரும் வெளிய எடுப்பாங்க, கயிற இழுத்து இழுத்து தோள்பட்டையே போயிடும், மிஷின் மட்டும் உறுமாது. கடைக்கு தூக்கினு போனா பாக்குறதுக்கு முன்னாடியே ஸ்பார்க்குக்கு கரண்ட் குடுக்கிற காயில் போச்சு, பெட்ரோலயும் காத்தையும் கலக்குற கார்பரேட்டர் மாத்தணும்னு சொல்லிடுறாங்க. எனக்கு இதுல ரொம்ப வருத்தம், ஸ்பார்க் பிளக் ஒண்ண கழட்டி பாத்தாலே பாதி விஷயம் தெரிஞ்சிடும்.

பிளக் நனைஞ்சிருந்தா பெட்ரோல் வருது, ஆனா ஓவரா வந்துடுச்சு, இல்லன்னா ஸ்பார்க் வரலன்னு அர்த்தம். நம்ம ஊரு வெயில்ல, அதுவும் கொஞ்ச நேரம் ஓடி நின்ன மிஷினுக்கு சோக் (காத்த கொறச்சு பெட்ரோல அதிகமாக்குறது) போட்டு இழுத்தா பெரும்பாலும் ஃபிளட் ஆகும், அதாவது பெட்ரோல் உள்ள நெறஞ்சிடும். பிளக்க வெளிய வச்சிட்டு, சோக்க எடுத்துட்டு, ஆக்சிலேட்டர முழுசா பிடிச்சு சில தடவ இழுங்க, உள்ள இருக்கிறது வெளிய வந்துடும். பிளக்க தொடச்சு காய வச்சு அதோட முனையில இருக்கிற இடைவெளிய (கேப்) பாருங்க, நிறைய மிஷினுக்கு 0.6லருந்து 0.7 மில்லிமீட்டர் இருக்கணும். ஸ்பார்க் பாக்குறதுன்னா பெட்ரோல் சிந்தின இடத்துல பாக்காதீங்க, தயவு செஞ்சு.

பிளக் காஞ்சிருந்தா பெட்ரோலே வந்து சேரல. எங்க பெரியப்பா மிஷின் அப்படித்தான். "இன்னாடா, வேலூருக்கு எடுத்துனு போவட்டா?"ன்னாரு. "இருங்க பெரியப்பா"ன்னுட்டு கார்பரேட்டர் கீழ இருக்கிற ரப்பர் பல்ப அமுக்குனேன், எவ்ளோ அமுக்கினாலும் டியூப்ல காத்து முட்டை நிக்கவே இல்ல. டேங்குக்குள்ள நுழையிற இடத்துல டியூப லேசா வளைச்சேன், மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு வாய தொறந்துச்சு. டியூப மாத்துனோம், டேங்குக்குள்ள இருக்கிற ஃபில்டரையும் மாத்துனோம், பழைய பெட்ரோல கொட்டுனோம், அது மஞ்சளாகி வார்னிஷ் வாசன அடிச்சுது.

இப்ப வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கு, அது காத்துல இருக்கிற ஈரத்த இழுக்கும், ரப்பர் டியூபு, கார்பரேட்டர் உள்ள இருக்கிற டயாஃப்ரம்ங்கிற மெல்லிசு தகடு இதெல்லாம் பழைய மிஷின்ல சீக்கிரம் கெட்டுப்போகும். அதனால சீசன் முடிஞ்சா டேங்க காலி பண்ணிட்டு, தானா நிக்கிற வரைக்கும் ஓட விட்டுதான் எடுத்து வைக்கணும். பெட்ரோல்ல கலக்குற 2 ஸ்ட்ரோக் ஆயில் அளவும் கண்ணு மதிப்புல ஊத்தாதீங்க, 50க்கு 1ன்னா லிட்டருக்கு 20 மில்லி, 25க்கு 1ன்னா 40 மில்லி, உங்க மிஷினுக்கு எதுன்னு அதோட புக்குல போட்டிருப்பாங்க.

கொஞ்சம் ஓடி தானா நின்னுடுதுன்னா டேங்க் மூடிய லூஸ் பண்ணி ஓட்டி பாருங்க, அப்ப ஓடுச்சுன்னா மூடில காத்து போற ஓட்டை அடைச்சிருக்கு. ஆனா கயிறு இழுக்கும்போது கைக்கு எதிர்ப்பே தெரியாம சும்மா வருதுன்னா பிஸ்டன் ரிங்கோ, அது உரசி ஓடுற சிலிண்டர் உள்சுவரோ (போர்) தேஞ்சிருக்கும், அது கடை வேலைதான்.